நாலாவது வரிசை, மூன்றாம் குழி

சொன்னது முதலிலா, பார்த்தது முதலிலா? காசுத் தட்டு கையை விட்டுப் போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பூங்கோதைக்கு அது குழம்பிவிட்டது. "சரி" என்று சொன்னாள், அது நிச்சயம், அந்தச் சொல்லின் சூடு இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது. குழி காலியாக இருந்ததும் நிச்சயம். கறுப்பு வெல்வெட்டில் அழுத்திச் செய்த வட்டக் குழி, நாலாவது வரிசையில் மூன்றாவது, அதில் ஒன்றும் இல்லை, வெல்வெட்டின் கறுப்பு மட்டும்தான். ஆனால் எது முன்னால்? சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாளா, குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாளா? சொல்லிவிட்டுப் பார்த்திருந்தால் கவனக்குறைவு. பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அதற்கு வேறு பெயர். அந்த வேறு பெயரை அவள் மனதுக்குள்கூட உச்சரிக்கவில்லை. தட்டு இப்போது அவளுக்கு வலப்பக்கத்தில், வாட்ச் கடை ஞானதுரையின் மடியில் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையில் வாட்ச் பிரிக்கும்போது வைத்துக்கொள்ளும் ஒற்றைக்கண் லென்ஸை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்கட்டும். நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்க்கட்டும். "என்னங்க, இங்க ஒண்ணு காணோமே" என்று அவர் சொல்லிவிட்டால் போதும். போதுமா? அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, உங்களுக்கு முன்னாடி தட்டு யார் கையில் இருந்தது என்பதுதான். "சரி," என்றார் ஞானதுரை, நல்ல சத்தமாக.

அந்தச் சொல் இந்த அறையில் சும்மா சொல்லும் சொல் அல்ல. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, தில்லைநகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையை வாடகைக்கு எடுத்துக் கூடுகிற நாணயம் சேகரிப்போர் சங்கம் இது. ப வடிவத்தில் பெஞ்சுகள், வெள்ளைப் பலகையில் நேற்று யாரோ பாதியில் விட்டுப்போன வேதியியல் சமன்பாடு, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாமல் அப்படியே நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி கை மாறிக் கை மாறிப் போன தட்டில் ஒரு காசு காணாமல் போய், யார் கையில் போனதென்று தெரியாமல், இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் பிடிக்காமல் சங்கத்தை விட்டே போனார்களாம். அதற்கப்புறம் செயலாளர் கலியபெருமாள் கொண்டுவந்த வழக்கம் இது. தட்டை வாங்குகிறவர் எல்லாக் குழிகளையும் ஒரு கண் ஓட்டிவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி "சரி" சொல்ல வேண்டும். அப்புறம்தான் காசைத் தொடலாம். "சரி சொன்னா உங்க தலையில, சொல்லாட்டி முன்னாடி இருக்கவரு தலையில" என்று ஒவ்வொரு முறை தட்டு கிளம்பும்போதும் அவர் சொல்வார், ஒவ்வொரு முறையும் எல்லோரும் புதிதாகக் கேட்ட மாதிரி சிரிப்பார்கள். இன்றைக்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பதினோரு ஆண்கள், அவள் ஒருத்தி. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இந்த அறையில் அவள் சத்தமாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

இந்த அறையில் மட்டுமா? யோசித்துப் பார்த்தால் அவள் பிறந்ததிலிருந்து சொன்னதில் பாதி அதுவாகத்தான் இருக்கும். கல்லூரி நூலகத்தில் தற்காலிக வேலை, சனிக்கிழமையும் வரணும்மா என்றார்கள், சரி. பார்லரில் முடியை இந்த அளவுக்கு எடுத்துடவா என்றார்கள், கண்ணாடியில் பார்த்தால் அது காது வரை, சரி. ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிடட்டுமா என்றால், மழை கொட்டுகிறது, சரிண்ணா. வாயிலிருந்து அது வரும்போது அவள் எதையும் ஒப்புக்கொள்வதில்லை, எதிரில் நிற்பவர் தன்னைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கும் அதுதான் நடந்தது. இடப்பக்கத்து சீதாபதி தட்டை நீட்டினார். பேங்க் அதிகாரி, பெரிய குரல், பெரிய கை, யாரைப் பார்த்தாலும் ஒரு கேலி. "மேடம், ஒரு சந்தேகம். வாயில ஏதும் காசு அடக்கி வச்சிருக்கீங்களா? திறக்கவே மாட்டேங்கிறீங்களே." எதிர்ப் பெஞ்சிலிருந்து, தட்டுக்குச் சொந்தக்காரரான இக்பால் டாக்டர், "திறக்கலன்னா நம்ம கிளினிக்குக்கு அனுப்புங்க சீதாபதி, நான் திறந்து பாத்துக்கறேன்" என்றார். அவர் பல் டாக்டர். அறையே சிரித்தது. பதினோரு முகம் அவள் பக்கம் திரும்பியது. காது மடல் கொதித்தது. கையில் தட்டு, தட்டில் ஐந்து வரிசை, நாலாவது வரிசையில் ஒரு கறுப்பு. சரி. சிரிப்பு அடங்கி முகங்கள் திரும்பிப் போயின. அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது பெரிய நிம்மதி. காசு போனதைப் பார்த்த கண்ணோடு நிம்மதிப்பட்டிருக்கிறாள். இல்லை, அப்போது பார்க்கவில்லை. பிறகுதான் பார்த்தாள். பிறகு, லென்ஸை எடுத்து, முதல் வரிசையில் ஆரம்பித்து... அப்படித்தானே?

முதல் வரிசை ஹங்கேரிக் காசுகள், மடியில் குழந்தையோடு மாதா. இரண்டாவது ஜெர்மன் ஊர்களுடையவை, அரச இலைச் சருகு போல மெல்லியவை, மூச்சு விட்டால் பறக்கும் என்று டாக்டர் கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் காட்டுவார். மூன்றாவது ரஷ்யக் காசுகள், வெள்ளிக் கம்பியை நறுக்கித் தட்டிச் செய்தவை, பார்க்க மீன் செதிலேதான். நாலாவது இங்கிலாந்து. அதில் மூன்றாம் குழியில் இருந்தது, இருக்க வேண்டியது, முழுக் காசு அல்ல, கால் காசு. எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் பென்னிக்குச் சில்லறை கிடையாது. அரையோ காலோ வேண்டுமென்றால் வெள்ளிப் பென்னியை வெட்டிக்கொள்வார்கள். வெட்ட வசதியாகப் பின்பக்கத்தில் விளிம்பு வரை நீளும் சிலுவைக் கோடு, அதுவே அளவு. அப்படி வெட்டிய ஒரு துண்டு, பப்பாளித் துண்டு வடிவம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு பக்கம் மூன்று புள்ளிகளும் பாதியில் அறுந்த ஊர்ப் பெயரும். இன்னொரு பக்கம் ராஜாவின் ஒரே ஒரு கண்ணும் இரண்டு சுருள் முடியும். அவள் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அந்தக் கண் ராஜாவுடையது மாதிரியே இல்லை, கதவிடுக்கில் நின்று வந்தவர்களைப் பார்க்கிற யாரோ ஒரு பெண்ணின் கண் மாதிரி இருந்தது. அந்தக் கால் காசை வைத்துக்கொண்டு சந்தையில் நின்ற ஒருத்தி இருந்திருப்பாள். என்ன வாங்கினாளோ. பேரம் பேசினாளோ, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தாளோ. கையில் வாங்கினால் கனமே தெரியாது. கனம் தெரியாத ஒன்று தட்டிலிருந்து விழுந்தால் சத்தம் கேட்குமா? கேட்காது. துணியில் ஒட்டினால் தெரியுமா? தெரியாது.

தெரிந்தது இது ஒன்றுதான்: இந்த அறையில் அந்தத் துண்டின் மேல் யாருக்கு ஆசை என்று கேட்டால் பதினோரு விரலும் அவள் பக்கம்தான் நீளும். போன மாதம் கூட்டம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போகும்போது அவள் டாக்டரிடம் போய், சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, "அந்தக் கால் காச இன்னொரு தடவ பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள். படிக்கட்டில் நின்ற சீதாபதி, "பாருங்க, மேடத்துக்குப் பேச்சு வந்திருச்சு" என்றார். டாக்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் பார்த்த பார்வையைப் பார்த்துத்தானோ என்னவோ இன்று தட்டு கிளம்புவதற்கு முன் எழுந்து நின்று, "டிசம்பர் கண்காட்சிக்கு என்னோட சின்ன வெள்ளிக் காசுக்கெல்லாம் பட்டியல் எழுதப் போறது பூங்கோதைதான். பெட்டியவே இன்னிக்கு அவங்க கையில குடுத்தனுப்பப் போறேன், ஒரு மாசம் வச்சுப் பாத்து எழுதட்டும்" என்று சொன்னார். யாரும் அவளிடம் எதையும் அப்படிக் கொடுத்ததில்லை. நூலகத்தில் பீரோச் சாவியைக்கூட ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்குச் சொன்னால் என்ன சொல்வாள் என்று அப்போதே காதில் கேட்டது: "அவஅவ நக சேக்கறா, நீ தேஞ்ச காசப் பொறுக்கற, இப்ப அடுத்தவன் காசையும் சொமந்துட்டு வந்தியா?" அதுகூட அந்த நேரத்தில் இனிப்பாக இருந்தது. அரைமணிக்கு முன்னால்தான். அந்த அரைமணிக்கு முன்னாலிருந்த பூங்கோதை கதவுக்கு வெளியே எங்கேயோ நிற்கிறாள், இவளால் அவளைக் கூப்பிட முடியவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஹாஸ்டலிலும் இப்படித்தான். இரண்டாம் வருஷம். அறைத்தோழி ஆக்னஸின் மூக்குத்தி குளியலறையில் தொலைந்தது. வார்டன் அறையிலிருந்த நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, எடுத்தவங்க சொல்லிடுங்க என்றார். பூங்கோதை எடுக்கவில்லை. ஆனால் வார்டன் பார்வை அவள் மேல் வந்ததும் முகம் சிவந்தது, யார் பார்த்தாலும் அவளுக்குச் சிவக்கும், பேருந்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால்கூடச் சிவக்கும். அந்தச் சிவப்பே சாட்சியாகிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது, ஆக்னஸ் பெட்டிக்குப் பூட்டு வாங்கினாள், அவ்வளவுதான். நாலு நாள் கழித்து தண்ணீர் போகும் ஜல்லடை மூடியில் முடிச்சுருளுக்குள் மூக்குத்தி கிடைத்தது. பூட்டு மட்டும் வருஷக் கடைசி வரை தொங்கியது. அந்த நாலு நாளும் இரவில் தன் பையைத் தானே தேடிப் பார்த்தது ஞாபகம் வருகிறது. எடுக்கவில்லை என்று தெரியும், தெரிந்தும் தேடினாள், சோப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள், சோப்பைத் தூக்கிப் பார்த்தாள். மற்றவர்கள் இவ்வளவு நிச்சயமாக நினைக்கும்போது, தனக்குத் தெரியாமல் தன் கை எதையாவது செய்திருக்குமோ என்று. இப்போதும் கை மடியில்தான் கிடக்கிறது. வலதுகை, மேலே இடதுகை. உள்ளங்கை வியர்த்திருக்கிறது. வியர்த்த உள்ளங்கையில் ஒட்டியிருந்தால்? விரித்துப் பார்க்கலாம். விரித்துப் பார்க்கும்போது அது அங்கே இருந்து, சீதாபதி திரும்பினால்?

"சரி." "சரி." திருவெறும்பூர்ச் சகோதரர்கள். அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் தம்பி சொல்லிவிடுவார், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே லென்ஸ், தட்டு அவர்கள் இருவர் தொடைகளின் மேல் பாலம் மாதிரி கிடந்தது. "அண்ணே, இந்த மீன் செதிலப் பாருங்க, குதிரை மேல ஆளு." "அது ஆளில்லடா, குதிரைக்கே ரெண்டு தலை." "உங்க கண்ணுக்கு எல்லாத்துக்கும் ரெண்டு தலை." ஆக ஞானதுரை ஒன்று, இவர்கள் இரண்டு, காலியான குழிக்கு மூன்று சரி, அவளோடது நாலு. அவளுக்கு முன்னால் எத்தனை பேர் காலிக்குச் சொன்னார்களோ. எங்கே விழுந்தது? முதல் ஆளிடமா, சீதாபதியிடமா, அவளிடமேதானா? ஒருவேளை மூன்று பேரும் பார்த்தார்களோ? பார்த்துவிட்டு, அவளை மாதிரியே, சத்தம் போட மனமில்லாமல்... இல்லை, அவர்கள் பார்க்கவில்லை, அவர்கள் யாரும் குழிகளைப் பார்ப்பதே இல்லை, முன்னால் இருந்தவர் சொன்ன சரியைக் கேட்டுத் தன் சரியைச் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஞானதுரை சொன்ன சரி அவள் சொன்ன சரிதான். அண்ணன் தம்பி சொன்னதும் அவளுடையதுதான். ஒன்று சொன்னால் மூன்றாகிவிட்டது, இன்னும் ஆகும். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு சீதாபதியை மட்டும் சங்கடப்படுத்தியிருப்பாள். இப்போது சொன்னால் நாலு பேர். ஒவ்வொரு சரியும் அவள் வாய்மேல் வைக்கிற இன்னொரு கை. இப்போது சொல்லலாம். இப்போது. அண்ணன் ஏதோ கேட்கிறார், அவர் முடித்ததும். அவர் முடித்துவிட்டார். தம்பி தும்மினார். தும்மலுக்குப் பிறகு சொன்னால் நன்றாக இருக்காது.

மேலே ஃபேன் சுற்றியது. அது சுற்றுவதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது, மூன்று இறக்கைகளில் ஒன்று லேசாக வளைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. ஜெர்மன் இலைக்காசு மூச்சுக்குப் பறக்கும் என்றால் கால் காசு ஃபேனுக்கு நகராதா? நகர்ந்திருக்கும். தரையில்தான் இருக்கும். அவள் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். சாம்பல் நிற மொசைக் தரை, அதில் வெள்ளையும் கறுப்புமாய் ஆயிரம் கல்துண்டு, ஒவ்வொன்றும் பப்பாளித் துண்டு வடிவம். ஒருவேளை தரையில் இல்லை, அவள் மடியில் திறந்திருக்கும் நோட்டின் நடுத்தையலில் விழுந்து கிடக்கிறது. எழுந்தால் விழும். விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். துப்பட்டா மடிப்பில் இருந்தால்? குடும்பத்தோடு சேர்ந்து படம் எடுக்கும்போது நிற்கிற மாதிரி அவள் தோளை விறைத்துக்கொண்டாள். வலது கால் மரத்துப்போயிருந்தது, மாற்ற வேண்டும், மாற்றவில்லை, செருப்புக்கடியில் இருந்துவிட்டால் அழுத்தி வளைத்துவிடுவோமே என்ற பயம் ஒரு பக்கம், அங்கே இருந்து யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் முதல் பயம்தான் பெரிது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவருகே நிழல். பெருக்குகிற அந்தோணியம்மா, கையில் துடைப்பமும் முறமும். ஞாயிறு பன்னிரண்டுக்கு அவர் பெருக்கினால்தான் இரண்டு மணி வகுப்பு. "முடியலையா சார்?" என்றார். "அஞ்சு நிமிஷம்மா, தட்டு வீட்டுக்கு வந்துருச்சு" என்றார் கலியபெருமாள், தட்டை வாங்கிக்கொண்டே, அதே மூச்சில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி."

அடுத்தது டாக்டர். இனி யாரும் இல்லை. இனி சொல்ல வேண்டியதில்லை, அவரே பார்த்துச் சொல்வார், கேட்பார், பெஞ்சு பெஞ்சாகப் பின்னோக்கி வரும் அந்தக் கேள்வி, கலியபெருமாள், தம்பி, அண்ணன், ஞானதுரை, அவள். அவளிடம் வந்ததும் முகம் சிவக்கும். அதோடு முடிந்தது. டாக்டர் தட்டை மேஜைமேல் வைத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வெறும் கண்ணால் குனிந்து பார்த்தார். சுட்டுவிரல் காசுகளைத் தொடாமல் மேலேயே போனது. முதல் வரிசை. இரண்டு. மூன்று. நாலாவது வரிசையில் விரல் நின்றது. ஃபேன் 'டக்' என்றது, மறுபடி 'டக்' என்றது. விரல் நகர்ந்து ஐந்தாவது வரிசைக்குப் போனது. டாக்டர் நிமிர்ந்தார். ஞானதுரையைப் பார்க்கவில்லை, சீதாபதியைப் பார்க்கவில்லை, அறையின் குறுக்கே நேராக அவளைப் பார்த்தார், கோபமில்லாமல், நோயாளி வாயைத் திறந்ததும் சொத்தையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாத டாக்டர் பார்ப்பது போல. பிறகு, "சரி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் பெட்டிக்குள் தட்டை இறக்கினார், மூடினார், பித்தளைக் கொக்கியை மாட்டினார், துணிப்பையில் போட்டார், பையை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். மற்றவர்கள் சோம்பல் முறித்து எழத் தொடங்கியிருந்தார்கள். "எடுத்துட்டுப் போம்மா, சொன்ன மாதிரியே," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு பையை அவள் கையில் வைத்துக்கொண்டே, அவளுக்கு மட்டும், "நிதானமா எழுது. நாலாவது வரிசை மட்டும் கொஞ்சம் பாத்துக்க. திருப்பித் தரும்போது அதது அதது இடத்துல இருந்தாப் போதும். நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். கேட்க மாட்டார். அப்போதுதான் புரிந்தது. பார்த்துவிட்டார், தீர்மானித்தும்விட்டார், மன்னித்தும்விட்டார், விரல் நின்ற அந்த இரண்டு 'டக்'குக்குள். வீட்டில் யாரும் பார்க்காமல் திருப்பி வைத்துவிட ஒரு மாதம் கொடுக்கிறார். எவ்வளவு நல்லவர். அந்த நல்லதனம் பையோடு சேர்ந்து அவள் கையில் கனத்தது. சரி என்று சொன்னால் இப்போதே இறங்கிப் போய்விடலாம். ஒரு மாதம் கழித்து அதே குழி அதே காலியோடு திரும்பி வரும், பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரில் அவள் என்ன எழுதுவாள்? அப்போதும் கேட்க மாட்டார். ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறும் நல்லாயிருக்கியாம்மா என்று கேட்பார், காசைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். அந்தத் துண்டைப் பன்னிரண்டு மணிக்கு அந்தோணியம்மா முறத்தில் வாரிச் சீவிய பென்சில் தூளோடு குப்பையில் போட்டிருப்பார், எழுநூற்றைம்பது வருஷம் யார் யார் கையிலோ தப்பித்து வந்தது இந்தத் தில்லைநகர் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். "கூட்டிரவா சார்?" "கூட்டும்மா." துடைப்பம் தரையைத் தொடும் முதல் சத்தம் கேட்டது. தொண்டையில் அந்தச் சொல் ஏறி வந்து நாக்கில் நின்றது.

"இல்ல டாக்டர்," என்றாள். அது வெளியே வந்ததா என்று தெரியவில்லை, அவர் திரும்பி நடந்துவிட்டிருந்தார். பையைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "எங்கிட்ட இல்ல." இந்தமுறை வந்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது, அந்தோணியம்மாவின் துடைப்பம் நின்றது. "என்ன இல்ல?" என்றார் சீதாபதி. "கால் காசு. நாலாவது வரிசை, மூணாவது குழி. எனக்கு வரும்போதே காலி." ஞானதுரை பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "என்னம்மா சொல்ற? நீ சரின்னு சொன்னதக் கேட்டுத்தானே நானும்..." என்று ஆரம்பித்தவர், எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். "நான் குடுக்கும்போது இருந்துச்சு," என்றார் சீதாபதி உடனே. "நல்லாப் பாத்துத்தான் குடுத்தேன். காலின்னா நீங்க ஏன் மேடம் சரின்னீங்க?" குரலில் கேலி இல்லை. பதினோரு முகம். முகம் சிவந்தது, தெரிந்தது, சிவக்கட்டும். பாக்காம சொல்லிட்டேன் சார், சாரி. அந்தப் பதில் தயாராக இருந்தது, இவ்வளவு நேரமும் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பாவம் சின்னப் பொண்ணு என்பார்கள். "பாத்துட்டுத்தான் சொன்னேன்," என்றாள் பூங்கோதை. "காலியா இருந்ததப் பாத்தேன். எல்லாரும் சிரிச்சுட்டு என்னையே பாத்துட்டு இருந்தீங்க. அதனால சரின்னு சொல்லிட்டேன்." கலியபெருமாள் இருமினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவர் முகம் அவள் முகத்தைவிடச் சிவந்திருந்தது.

"யாரும் காலை எடுக்காதீங்க," என்றாள் அவள். "அக்கா, நீங்க அங்கயே நில்லுங்க. கைக்கு எட்டுனா ஃபேன மட்டும் நிறுத்திருங்க." அந்தோணியம்மா சுவிட்சைத் தட்டினார். இறக்கைகள் மெதுவாகி, வளைந்தது எது என்று கண்ணுக்குத் தெரிந்து, நின்றன. அவள் நோட்டைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து உதறினாள், துப்பட்டாவைக் கழற்றி விரித்து உதறினாள், கைப்பையின் வாயைத் திறந்து தலைகீழாகக் கொட்டினாள், சீப்பு, பேருந்து டிக்கெட்டுகள், சானிடரி நாப்கின், ஒரு மாத்திரை அட்டை. எடுத்து உள்ளே வைக்கவில்லை. உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டுக் குனிந்தாள். கன்னத்தைத் தரைக்கு அருகில் கொண்டுபோனால் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக வந்து சின்னதுகளுக்கெல்லாம் நிழல் கொடுத்தது, மேலிருந்து பார்த்தபோது இல்லாத நிழல். மார்க்கர் மூடி. பின் ஊசி. எறும்பு இழுத்துப் போகும் பிஸ்கட் தூள். பதினோரு ஜோடிக் கால்கள் வைத்த இடத்தில் வைத்தபடி, ஒருவர் ஒரு குதிகாலைத் தூக்கியவாறே, சொல்லுக்குக் காத்திருந்தன. "சார், வலது காலை மட்டும் தூக்குங்க," என்றாள். சீதாபதி தூக்கினார். செருப்பின் அடிவெடிப்பில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளி மினுக்கு, நகத்தால் எடுத்தாள், மிட்டாய்த் தாள். "இடது." ஒன்றும் இல்லை. எதிர் முனையில் யாரோ சிரமப்பட்டு முட்டி போடும் சத்தமும், டார்ச்சை அழுத்தும் சத்தமும், பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி மொசைக்கில் தட்டும் சத்தமும் கேட்டன. "கோதைம்மா..." என்றது டாக்டரின் குரல், பெஞ்சுக் கால்களுக்கு நடுவிலிருந்து. "அப்புறம் பேசலாம் டாக்டர், நீங்க அந்தப் பக்கம் பாத்துட்டு வாங்க," என்று அவள் நிமிராமல் சொல்லிவிட்டு, அடுத்த காலுக்கு நகர்ந்தாள்.